முதல் சாட்சி

கையெழுத்துப் போட்டால்தான் மனைவியின் உடலைத் தருவோம் என்று பிணவறை வாசலில் ஏட்டு ஒரு தாளை நீட்டினார். எதையும் படிக்காமல் கையெழுத்திடாத நான் அன்று படிக்கவில்லை. அது புகாராகிவிட்டது. விபத்தன்று அவளை பைக்கில் அழைத்துப்போன எங்கள் மகன் சுதாகர் இன்று குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான். நான் முதல் சாட்சி.

“வேகமா ஓட்டலன்னு மட்டும் சொல்லுங்க சார். கேஸ் நிக்காது,” என்றிருந்தார் எங்கள் வக்கீல்.

“பையன் வேகமா ஓட்டினதா எழுதியிருக்கீங்களே, உண்மைதானே?” என்று கேட்டார் அரசு வக்கீல்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

“பொய் சொல்லாதப்பா,” என்றான் சுதாகர். “மெதுவா போடான்னு அம்மா ரெண்டு தடவ சொல்லிச்சு.”

தட்டச்சரின் விரல்கள் நின்றன. நீதிபதி அவனைப் பார்க்கவில்லை.

“சாட்சி, நீங்க சொல்லுங்க.”