கருத்துச் சீட்டு

இப்போதெல்லாம் தியேட்டரில் யாரும் வாயைத் திறந்து விமர்சனம் சொல்ல வேண்டியதில்லை. உட்கார்ந்திருந்த இருக்கையே நாடி பிடித்துப் பார்த்து, வெளியே வரும்போது நம் கருத்தைச் சீட்டில் அச்சடித்துக் கொடுத்துவிடும்.

என் வீட்டுக்காரர் குலசேகரனின் மாயாஜால நாவலை ஒரு வரிகூட மாற்றாமல் படமாக எடுத்திருந்தார்கள். முதல் காட்சிக்கே போனோம். படம் முடிந்ததும் வாசலில் என் சீட்டைப் பிடுங்கிப் படித்தார்.

"முதல் பாதியில் பதினொரு கொட்டாவி. அதுகூடப் பரவாயில்லை. இளவரசியே நாகமா மாறுற இடத்துல, 'துளியும் எதிர்பார்க்கவில்லை'ன்னு போட்டிருக்கே! நாவலை மூணு தடவை படிச்சேன்னியே, கோதை?"

எட்டு வருஷமாகச் சொன்ன பொய், இப்படி ஒரு நாற்காலியிடம் மாட்டிக்கொண்டது.

"முதல் பத்துப் பக்கத்தை மூணு தடவை படிச்சேங்க," என்றேன்.

"ரெண்டு வருஷம் ராப்பகலா உட்கார்ந்து எழுதினேன்டி! பொண்டாட்டியே படிக்கலைன்னா ஊர்ல எவன் படிப்பான்?" என்று குதித்தார். கூட்டம் திரும்பிப் பார்த்தது.

அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த அவருடைய சீட்டை உருவினேன். இளவரசி நாகமாக மாறும் அதே இடம். அதிலும் 'துளியும் எதிர்பார்க்கவில்லை' என்றே அச்சாகியிருந்தது.

"நான் படிக்கலைங்க, ஒத்துக்கறேன்," என்றேன். "ஆமா, அந்த நாவலை யாருங்க எழுதினது?"