செண்பகம் மிதித்த நாற்பது நாள்

முழங்காலில் அடிபட்ட துரைப்பாண்டி மறுபடி பஸ் ஓட்ட வேண்டுமானால், காலில் மாட்டிய, மூட்டைக் கண்காணிக்கும் மின்னணுப் பட்டை நாற்பது நாள் சைக்கிள் பயிற்சியைப் பதிவு செய்தாக வேண்டும். வலிக்குப் பயந்து, பட்டையை மனைவி செண்பகத்தின் காலில் மாட்டிவிட்டார். வீட்டு சைக்கிளை அவள்தான் தினமும் மெதுவாக மிதித்தாள்.

"மூட்டு தேய்கிறது, நிறுத்துங்கள்" என்று பட்டை அவர் போனில் ஓயாமல் எச்சரித்தது. அதில் பதிவாகியிருக்கும் தன் பழைய காயத்தை வைத்துத்தான் சொல்கிறது என்று நினைத்து, ஒலியை நிறுத்தி அதன் வாயை அடைத்துவிட்டார்.

பஸ் ஓட்ட அனுமதி வந்த அன்று, வேலைக்குக் கிளம்பியவருக்கு டிபன் பாக்ஸோடு வந்த செண்பகம் சுவரைப் பிடித்தபடி நடந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"பத்து நாளா முட்டி வலிங்க. பெருசா ஒண்ணும் இருக்காது. பட்டை ஏதாச்சும் சொல்லியிருந்தா, நீங்க சொல்லாமலா இருந்திருப்பீங்க?"