பின்சீற் இல்லாத கார்

"நான் கேட்டது கார். நீங்கள் கொண்டுவந்து விட்டிருக்கிறது காரின்ரை குட்டி."

விமலேஸ்வரி இதைச் சொன்னபோது, கிளிநொச்சி வீட்டு முற்றத்தில் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. உயரம் அவளுடைய இடுப்பளவு. கூரைக்குப் பதில் ஒரு கன்வஸ் துணி. உள்ளே இரண்டே இரண்டு சீற். மற்ற இரண்டையும் எங்கேயோ மடித்து வைத்திருக்கிறார்களாக்கும் என்று, அவள் காரை இரண்டு தரம் சுற்றியும் பார்த்துவிட்டாள்.

கொண்டுவந்தவர் துணுக்காய் வீரகத்தி, அவள் மகன் நடராசாவுக்கு மாமனாராகப் போகிறவர். நாளைக் காலை இந்த வீட்டில் பொன்னுருக்கு. தாலிக்கு உருக்க வேண்டிய பவுண் அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரிப் பூட்டின் திறப்பு விமலேஸ்வரியின் இடுப்பில் செருகி இருந்தது.

சீதனப் பேச்சில் அவள் எதையும் மேலோட்டமாக விட்டவளல்ல. வயல் எந்த வாய்க்காலின் கீழ், பசு எத்தனையாம் கன்று, குத்துவிளக்கு எத்தனை அடி என்று, தரகர் சின்னராசாவின் பக்கத்தில் இருந்து அவருடைய கொப்பியில் எழுதுவித்தாள். காருக்கு வந்தபோது மட்டும் 'கார் ஒன்று' என்பதோடு விட்டுவிட்டாள். கார் என்றால் நாலு பேர் இருப்பது. அதைக்கூடவா எழுதவேண்டும்?

அந்தக் காரை நம்பி அவள் எவ்வளவு திட்டம் போட்டிருந்தாள்! நடராசாவுக்குக் கிளிநொச்சியில் நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை. பெண் நேசமலர் அதே ஊரில் ஆசிரியை. கலியாணத்துக்குப் பிறகு துணுக்காயில் இருந்து இரண்டு பேரும் தினமும் காரில் வந்துபோக வேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டோடு போவது ஊர் வழக்கம். மாப்பிள்ளையின் தாயும் கூடப் போவது எந்த ஊரிலும் இல்லாத வழக்கம். ஆனால் விமலேஸ்வரி தன் பெட்டியைக் கட்டி ஒரு கிழமை ஆகியிருந்தது. காலையில் அவர்களோடு வந்து தன் வயலைப் பார்ப்பாள், மாலையில் அவர்களோடு திரும்புவாள். முன்சீற்றில் அவள், பின்சீற்றில் மருமகள். அயலட்டை முழுக்க இதைச் சொல்லியும் ஆயிற்று.

"மூண்டு பேர் இதில எப்பிடிப் போறது? நான் முன்னால பொனற்றில குந்துறதோ?"

வீரகத்தி கோபிக்கவில்லை. "கார் எண்டுதான் கேட்டனீங்கள், தங்கச்சி. கார் வந்திருக்கு," என்றார்.

அந்தப் பொறுமைதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குனிந்து மீற்றரைப் பார்த்தாள். எண்பத்தோராயிரம் மைல். மலைநாட்டில் ஒரு தோட்டத்துரை ரேஸ் ஓடிக் கைவிட்ட கார் என்று கூட வந்த சின்னராசா வேறு வாய்தவறிச் சொல்லிவிட்டார். தினம் கந்தோருக்குப் போகிறவனுக்கு இதுவா கார், மாரி பெய்தால் மாங்குளம் றோட்டு வண்டில் தடத்தில் இதன் வயிறு தட்டாதா, ஆர் கேட்பார் என்று நினைத்து ஓட்டை உடைசலைத் தலையில் கட்டினீர்கள் என்று பொரிந்து தள்ளினாள்.

வவுனியாவில் நல்ல நாலு சீற் கார் சுலபமாகக் கிடைத்ததென்றும், இதற்காகத்தான் நுவரெலியா வரை மூன்று தரம் அலைந்ததென்றும் வீரகத்தி சொன்னார். கையில் கிடைத்ததை விட்டுவிட்டு இதைத் தேடிப் பிடித்தாராம்! என்ன நெஞ்சழுத்தம் இந்த மனுசனுக்கு!

நடராசாவோ தாய்க்கு நடந்த அநியாயம் உறைக்காமல் பொனற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றான். முப்பத்துமூன்று வயது. தகப்பன் போனதிலிருந்து தாய் சொல் தட்டாதவன். சைக்கிளில் எங்கே போனாலும் பின்னால் அவளை ஏற்றிக்கொண்டுதான் போவான். முன்பு வந்த இரண்டு சம்பந்தங்களை அவள் வேண்டாமென்றபோதும் ஏனென்று கேட்கவில்லை. நேசமலரைப் பெண் பார்க்கப் போன அன்று, கேட்கவேண்டியதையெல்லாம் அவளே கேட்டுவிட்டதால், அவனுக்கு வாய் திறக்க வேலையே இருக்கவில்லை. இன்றைக்குத்தான் முற்றத்துக்கு வந்த இந்தக் காரின் பொனற்றை, பிடி எங்கே என்று தேடாமலே கையை விட்டுத் திறந்துவிட்டான். கெட்டிக்காரப் பிள்ளை. அவனைப் போய் ஏமாற்றப் பார்க்கிறார்களே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

"இந்தச் சாமான் திரும்பிப் போகட்டும். நாலு சீற் கார் இந்த முற்றத்துக்கு வராமல் நாளைக்குப் பொன்னுருக்கு இல்லை," என்றாள். கை திறப்பை இறுகப் பிடித்திருந்தது.

வீரகத்தியின் முகம் அப்போதுதான் வாடியது. துணுக்காயில் பந்தல் வேயக் கிடுகு வந்து இறங்கிவிட்டது. ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. இனி இது நின்றால் பெற்ற மகளின் முகத்தில் எப்படி விழிப்பார்? அவர் கை சட்டைப் பையை நோக்கிப் போனது. நடராசாவை ஒருமுறை பார்த்தார். கை வெறுமையாகத் திரும்பி வந்தது.

நடராசா பொனற்றை மூடிவிட்டு நிமிர்ந்தான். வேட்டியில் எண்ணெய்க் கறை. அன்று அவன் பேசிய முதற் பேச்சு அதுதான்.

"மாமா, அந்தக் கடிதத்தை அம்மாவிட்டைக் குடுங்கோ."

வீரகத்தியின் சட்டைப் பையிலிருந்து வந்தது நாலாக மடித்த தாள். கந்தோரில் எல்லோரும் மெச்சுகிற மகனுடைய குண்டு எழுத்து. திகதி போன தை மாதம். விமலேஸ்வரி வாசித்தாள்.

'மாமா, கந்தோர் வேலையாக நுவரெலியா போனபோது அந்தச் சிவப்புக் காரைப் பார்த்தேன். எத்தனை மைல் ஓடியிருந்தாலும் பரவாயில்லை, அதையே எடுத்துத் தாருங்கள். மூன்றாவது ஆள் இருக்க இடமுள்ள கார் வந்தால், எனக்கு இந்தக் கலியாணமே வேண்டாம்.'