இறகுத் தூண்டில்

வெள்ளைக்காரத் துரையை மீன் பிடிக்கக் கூட்டிப்போக தானியேல் ஒத்துக்கொண்டான் என்று தெரிந்ததும், தெருவே அவனோடு பேச்சை நிறுத்தியது.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. மாதனூரில் துரையின் தோல் பதனிடுகிற ஷாப்பிலிருந்து வருகிற, தோல் ஊறின பட்டைத் தண்ணியும் சுண்ணாம்புத் தண்ணியும், ஷாப்பு ஆட்கள் குடிக்கிற பாலாத்து ஊத்துக்கு மேலேயே மணலில் இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. போன மாசம் சம்பூர்ணத்தின் கைக்குழந்தை போய்ச் சேர்ந்தது. அந்தக் கழிவுக் கால்வாயைக் கொஞ்சம் கீழே தள்ளித் திருப்பச் சொல்லி மூணு தடவை போய்க் கேட்டாயிற்று. பார்க்கலாம் என்றதோடு சரி.

ஷாப்பு ஆட்களில் துரையோடு நேருக்கு நேர் பேசுகிறவன் தானியேல் ஒருத்தன்தான். அவன் போய் மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

"இன்னாப்பா, துரைக்குப் புழு நோண்டிக் குடுக்கற உத்தியோகமா?" என்று கேட்டான் கழுதை ஓட்டுகிற காசிநாதன்.

"புழு கிடையாது. கொக்கியில இறகு கட்டுவாங்க. மீனு அத்த ஈன்னு நெனச்சி வந்து கவ்வணும்."

"அப்போ மீனுக்கும் பட்டை நாமம்னு சொல்லு."

வீட்டிலே செண்பகம் சோறு போட்டாள். புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜவ்வாது மலையில் எந்த ஓடை, கூடாரம் எங்கே, கழுதை எத்தனை, எல்லாம் துரை மேஜையில் பேசி முடிந்தது. கடைசியாக தானியேல் ஒன்று சொன்னான். மலைத் தண்ணியைக் குடித்தால் குளிர்காய்ச்சல் நிச்சயம். கீழேயிருந்துதான் தண்ணி கொண்டுபோகணும். பங்களாக் கிணறோ உப்பு. ஷாப்புக்குப் பக்கத்து ஊத்து ஒன்றுதான் இந்த வட்டாரத்துக்கே நல்ல தண்ணி.

துரைக்குக் காய்ச்சல் என்றாலே குலைநடுக்கம். அந்த ஊத்துத் தண்ணியில் ஒரு செம்பு கொண்டுவரச் சொல்லி ஒரு வாய் குடித்தார். ஜன்னல் வழியாகத் துப்பினார். செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஆத்துக்கு நடந்துபோய்ப் பார்த்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே மண்ணைக் கொட்டிக் கால்வாயைக் கீழே திருப்பினார்கள். இறைக்க இறைக்க, பதினைந்து நாளில் ஊத்து தெளிந்துவிட்டது. செங்கல் வைத்துக் கால்வாயை நிரந்தரமாகக் கட்ட உத்தரவு போட்டுவிட்டுத்தான் துரை குதிரை ஏறினார்.

தெருவுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் வயிறு எரிந்தது.

"நம்ம கொழந்தைங்க குடிச்சப்போ நாறல. துரை வாயில பட்டதும் நாறிடுச்சி. அதுக்கும் இவன் கூஜா தூக்கினு போறான்," என்று காசிநாதன் தண்ணிப் பைகளைக் கழுதை மேல் கட்டிக்கொண்டே வழியெல்லாம் முனகினான்.

மலையில் இரண்டாம் நாள் துரை தூண்டிலை வீசினார். முழங்கை நீளத்துக்கு ஒரு மீன், வெள்ளியாகத் துள்ளிக்கொண்டு மேலே வந்தது. தொப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சின்னப் பையன் மாதிரி தண்ணியிலேயே குதித்தார்.

அந்தச் சத்தம் கேட்டு, தேன் விற்கிற எல்லம்மா ஓடைக்கரைக்கு வந்தாள். சின்ன வயசில் இந்த மலையிலே மாடு மேய்த்த தானியேலை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. தண்ணிப் பைகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாடா தானியேலு, ஓடையப் பக்கத்துல வச்சிக்கினு தண்ணியா தூக்கினு வந்தே? எழுவது வருசமா நான் இத்தத்தான் குடிக்கிறேன். நீயும் இத்தக் குடிச்சிதானே வளந்தே. ஒருநாளு காய்ச்சல்னு படுத்திருப்பியா?"

கழுதைக் கயிறு கையிலிருந்து நழுவியதுகூடத் தெரியாமல் காசிநாதன் தானியேலையே பார்த்தான்.

தானியேல் துரை நிற்கிற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"மெதுவா பேசு பெரியம்மா. கீழ செங்கல் வேலை இன்னும் ரெண்டு நாள் பாக்கி இருக்குது."