சிரிக்காத சுவர்

மேடை நகைச்சுவை பழகுவதற்காக பியூலா வாங்கி மாட்டிய திரைச்சுவரில், பார்வையாளர்களைப் போல நாற்பது செயற்கை முகங்கள் இருந்தன. ஆறு மாதமாகியும் அவை ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. "சொன்னதும் ஒரு கணம் நிறுத்துங்கள். அவசரப்படுகிறீர்கள்" என்று தினமும் எழுதிக் காட்டின. தூத்துக்குடியிலிருந்து அம்மாவும் தினமும் போனில் கேட்பாள்: "இன்னைக்காவது சிரிச்சுச்சாட்டி?"

அன்று பயிற்சிக்கு நடுவே தம்பி போனில் கூப்பிட்டான். கேட்டுவிட்டுக் கணவன் ஜெபராஜிடம் திரும்பினாள்.

"அம்மா போயிட்டாவ."

அதற்குமேல் அவளுக்கு வார்த்தை வரவில்லை. அந்த நிறுத்தம் இம்மி பிசகாமல் விழுந்தது. நாற்பது முகங்களும் கண்ணில் நீர் வரச் சிரித்தன.

ஜெபராஜ் பதறிப்போய் சுவரை அணைக்க ஓடினான்.

"அணைச்சிராதிய," என்றாள் பியூலா. "சிரிச்சிட்டுன்னு அம்மாட்ட சொல்லணும்."