நாத்தனார் பார்த்த நாற்காலி

“யாருக்கு மேடம் சோபா? வீட்ல பெரியவங்களுக்கா?” என்று கடைக்காரர் கேட்டதுதான் தாமதம்.

“பெரியவங்களுக்கு இல்லீங்க. இதோ நிக்கிறாளே என் தம்பி பொண்டாட்டி, டீச்சரம்மா, இவளுக்குத்தான். திங்கக்கெழம வயித்த அறுத்துக்கப் போறா. வியாதின்னு ஒண்ணும் இல்ல. இளைச்சதுல தோல் தொங்குதாம், வெட்டித் தைக்கப் போறாங்களாம். டெய்லர் சட்டையப் பிடிச்சுத் தைக்கிற மாதிரி!” என்றாள் நாத்தனார், கடை முழுக்கக் கேட்கும்படி.

கட்டில் பார்த்துக்கொண்டிருந்த தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். டீச்சருக்கு அங்கிருந்த ஒரு பீரோவுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம் போல இருந்தது.

பாதி உடம்பைக் கரைக்கப் பட்ட பாடு டீச்சருக்குத்தான் தெரியும். கொழுப்பு கரைந்துவிட்டது. தோல் மட்டும் போக மாட்டேன் என்று மடிமடியாகத் தொங்கி, வெயில் வந்தால் உரசிப் புண்ணாகிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் முடிந்து சில வாரம் நிமிரவும் முடியாது, நீட்டிப் படுக்கவும் முடியாது, சாய்ந்தபடியேதான் உட்காரணும், தூங்கணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கணவனுக்கு வெளியூர் வேலை. “அக்கா கூட இருப்பா, அவ பாத்துப்பா” என்று போனிலேயே முடித்துவிட்டான்.

நாற்காலி சரியில்லை என்றால் அவதி டீச்சருக்குத்தான். அதைவிடப் பெரிய அவதி கூடவே வந்திருந்தது.

ஒரு சோபா பார்த்ததுமே பிடித்துப்போனது. டீச்சர் உட்கார்ந்தாள். இடுப்புவரை உள்ளே போனாள்.

“அண்ணி, இதுவே இருக்கட்டும். சொகமா இருக்கு.”

“உள்ள போறப்ப சொகமாத்தான் இருக்கும். எழுந்திரு பாக்கலாம். வயித்த எக்காம எழுந்திருக்கணும்.”

டீச்சர் முயன்றாள். மல்லாந்த ஆமை மாதிரி கையும் காலும் ஆடியதுதான் மிச்சம். கடைக்காரர் சிரிப்பை அடக்க இருமிக்கொண்டார்.

“இந்த ஆட்டம் ஆடினா தையல் பிரிஞ்சுரும். அடுத்தது காட்டுங்க.”

அடுத்தது, பக்கத்தில் பிடி வைத்த சாய்வு நாற்காலி. கடைக்காரர் பிடியை இழுத்தார். கால்பலகை எழும்பியது. “விமானத்துல போற மாதிரி இருக்கும் மேடம்.”

“போறது சரி, எறங்கறது எப்படி? இந்தப் பலகைய மடக்கணும்னா குதிகாலால அழுத்தணும். அதுக்கு அடிவயித்துல பலம் வேணும். வேணாம்.”

மூன்றாவதற்குக் கைப்பிடி மெத்தென்று இருந்தது. “கைய ஊனினா அமுங்குது. வேணாம்.” அதற்கடுத்தது ரொம்பத் தாழ்வு. ஒவ்வொன்றிலும் நாத்தனார் தானே கூனிக்கொண்டு போய் உட்கார்ந்து, எழுந்து காட்டினாள். கட்டில் வாங்க வந்த தம்பதி கட்டிலை மறந்தே போனார்கள்.

கடைசியில் மூலையில் கிடந்த, பார்க்கச் சகிக்காத ஒரு பழுப்பு நாற்காலி முன்னால் போய் நின்றாள். ஒரு பொத்தானை அமுக்கினால் மெல்லச் சாயும். இன்னொன்றை அமுக்கினால் ஆளையே தூக்கி நிற்க வைக்கும்.

“இதுதான்.”

“அண்ணி, பல் டாக்டர்கிட்ட இருக்கற நாற்காலி மாதிரி இருக்கு. ஹால்ல போட்டா வர்றவங்க சிரிப்பாங்க.”

“சிரிக்கிறவங்க வந்து உன் வலிய வாங்கிக்கப் போறாங்களாக்கும்? உக்காரு முதல்ல.”

டீச்சர் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினாள். வயிற்றுக்கு ஒரு வேலையும் இல்லாமல் ஆள் எழுந்து நின்றாகிவிட்டது.

அப்போதுதான் பொறி தட்டியது. இவளுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்? டாக்டர்கூட இத்தனை சொல்லவில்லையே? போன வருஷம் சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரு மாசம் போய், வயிறு ஒட்டித் திரும்பி வந்தாளே!

ஓஹோ, கதை அப்படியா!

டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நீ கமுக்கமாகச் செய்துகொண்டு வந்துவிட்டு என் வயிற்றை ஊருக்கே தம்பட்டம் அடிக்கிறாயா? இரு, உன் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றுகிறேன்.

நாற்காலியை ஏற்றிப் போக நாத்தனாரின் கணவர் தன் வேனோடு வாசலில் நின்றிருந்தார். உள்ளே நாத்தனார், எங்காவது கீறல் இருக்கிறதா என்று நாற்காலியைத் தலைகீழாகப் புரட்டச் சொல்லிக் கடைக்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் நைசாக வெளியே வந்தாள்.

“அண்ணா, மறைக்காம சொல்லுங்க. அண்ணிக்கும் இதே ஆபரேஷன் ஆச்சுதானே? போன வருஷம்?”

அவர் திருதிருவென்று விழித்தார். பிறகு வேனே குலுங்குகிற மாதிரி சிரித்தார்.

“ஆபரேஷனா? அவளுக்கா? ஊசின்னு சொன்னாலே ஆஸ்பத்திரி சுவர ஏறிக் குதிச்சுருவாம்மா அவ! போன வருஷம் போன எடத்துல சமையல் வாயில வைக்க விளங்கல, அதான் இளைச்சு வந்தா.”

“அப்ப இவ்வளவு வெவரம் எப்படித் தெரியும்?”

“அந்தக் கூத்த ஏம்மா கேக்கற! உனக்கு ஆபரேஷன் தேதி குடுத்த நாள்ல இருந்து, துண்ட வயித்துல இறுக்கிக் கட்டிக்கிட்டு, கூன் போட்டுத்தான் வீட்டுக்குள்ள நடக்கறா. எல்லா நாற்காலியிலயும் உக்காந்து உக்காந்து எழுந்து பாக்கறா. குப்புற விழுந்தும் பாத்துட்டா. தூங்கறதுகூட சுவத்துல சாஞ்சுக்கிட்டுதான்.”

“எதுக்குண்ணா?”

“நானும் அதத்தான் கேட்டேன்.” அவர் சிரிப்பு மெல்ல அடங்கியது. “‘எனக்கு வலிச்சா ஊரையே கூட்டிருவேன். அவ எவ்வளவு வலிச்சாலும் வாயத் தொறக்க மாட்டா. எங்க வலிக்கும்னு நான்தான் முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கணும்’னு சொல்றாம்மா.”