தோலுரிப்பு

"அவ அவனை ஒட்டியே சுத்துறா, தப்பிக்க முடியல. அவன் வெறி பிடிச்சுச் சுட்டுச் சுட்டு அவ தோலையே உரிக்கிறான்!"

ரிங்லெட் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில், டீச்சர் ஷர்மினியின் குரல் பலகைச் சுவரைத் தாண்டிக் கேட்டது.

கதவை உதைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பசுபதி பாராங் கத்தியோடு பாய்ந்தான்.

"நான் இஸ்திரிப் பெட்டியால சுட்டதை என் பொண்டாட்டி சொன்னாளா?" ஷர்மினியின் தலையைப் பிடித்துச் சுவரில் இடித்தான்.

வழிந்த ரத்தத்தோடு அவள் மடிக்கணினியைக் காட்டினாள். திரையில் நேரலை வகுப்பின் நாற்பது மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நட்சத்திரப் பாடம்லா, அண்ணே. அதோட புற ஊதாக் கதிர், கிட்ட சுத்துற கிரகத்தோட காத்து மண்டலத்தை உரிக்கிறதைத்தான் சொன்னேன்."

வாசலில் அவன் மனைவி பரமேஸ்வரி தீய்ந்த கையோடு நின்றாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லலங்க. நீங்கதான் இப்ப எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்க."